பற்றறிச் சாடியில் செல்லாக்காசுகள்

கலியாணம் முடிந்து நான் திருகோணமலைக்கு வந்தபோது உலகச் சண்டை இன்னும் எங்கோ தூரத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. எங்கள் வீடு உட்துறைமுகத்தை ஒட்டிய ஒரு சின்னத் தெருவில், ஓடு போட்ட இரண்டு அறை வீடு. அதில் நாங்கள் மூன்று பேர்: என் கணவர், அவருடைய தாய், நான். கணவருக்குத் துறைமுகத்தில் பற்றறிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் கொட்டிலில் வேலை. அசிட் தெறித்து அவருடைய சட்டைகள் எல்லாவற்றிலும் கடுகளவு ஓட்டைகள் விழுந்திருக்கும். வந்த புதிதில் நான் செய்த வேலைகளில் பாதி அந்த ஓட்டைகளைத் தைத்ததுதான்.

அவர் கோபக்காரர் இல்லை. கதைதான் குறைவு. "வாறன்", "சாப்பிட்டீரோ", "கதவைச் சாத்தும்" என்பதோடு ஒரு நாள் முடிந்துவிடும். மாமி பேசுவார், ஆனால் என்னோடு இல்லை. கோழிகளோடும் அடுப்போடும் பேசுவார். நானோ இறக்கக்கண்டியில், கடலோடு சேருகிற உப்புநீர்க் களப்பின் ஓரத்தில், எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டுப் பேசுகிற வீட்டில் வளர்ந்தவள். வந்த நாட்களில் அந்த வீட்டின் அமைதியைக் கேட்டு, நான் ஏதோ பிழை விட்டுவிட்டேனாக்கும் என்று பயந்துகொண்டே இருந்தேன்.

அந்த மாரியில் ஒரு பின்னேரம் அவர் ஒரு தள்ளுவண்டியில் பெரிய கண்ணாடிச் சாடி ஒன்றைக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினார். பற்றறித் தகடுகளை அசிட்டுக்குள் நிறுத்தி வைக்கிற சாடி அது. தடித்த கண்ணாடி. சதுரமாக, கைக்குழந்தையை உள்ளே வைத்துக் குளிப்பாட்டலாம் போல இருந்தது. விளிம்பில் ஒரு துண்டு உடைந்திருந்ததால் கழித்துப் போட்டிருக்கிறார்கள். கேட்டு வாங்கி வந்திருக்கிறார்.

"இது என்னத்துக்குத் தம்பி?" என்று மாமி கேட்டார்.

"மீன் வளக்க."

மாமி என்னைப் பார்த்தார். நான் மாமியைப் பார்த்தேன். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஒன்றையே நினைத்தது அதுதான் முதல் தடவை.

அன்று சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் இருந்தபடி அவர் விஷயத்தைச் சொன்னார். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பங்களாவில் மின்சாரக் கம்பி திருத்தப் போயிருக்கிறார். அங்கே விறாந்தையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் பச்சைப் பசேலென்று பாசி, பாசிக்குள் விரல் நீளத்தில் மீன்கள். தென்னமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தவையாம்.

"அதுகள் மற்ற மீன்மாதிரி முட்டையைப் போட்டிட்டுப் போறேல்லையாம். தாயும் தகப்பனும் சேந்து நிண்டு குஞ்சுகளை வளக்குமாம். நான் கண்ணாலை கண்டனான். குஞ்சுகளைச் சுத்தி ரெண்டும் காவல் நிக்குது." கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "அந்த மீன் எங்களுக்கு எங்கை கிடைக்கப் போகுது. ஏதாவது கிடைக்கிறதை விடுவம்."

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. என் வாய் தன்பாட்டில் திறந்தது.

"அப்பிடி மீன் எங்கடை களப்பிலை இருக்கு."

"என்ன மீன்?"

"செல்லாக்காசு."

எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். வலையில் வந்தால் திரும்ப எறிந்துவிடுவார்கள். கறிக்குக் காணாது, சந்தையிலும் எடுபடாது. உள்ளங்கையில் பாதி இருக்கும், வட்டமாக. எலுமிச்சம்பழ மஞ்சள், வெயில் பட்டால் செம்மஞ்சள். விலாவில் ஒரு கரும்பொட்டு. கரையோரத்தில் முழங்கால் தண்ணீரில் அவை சோடி சோடியாகக் குஞ்சுகளை மேய்ப்பதைச் சிறு வயதில் நான் மணிக்கணக்காகக் குந்தியிருந்து பார்த்திருக்கிறேன்.

"தாயும் தகப்பனும் சேந்தோ?" என்று கேட்டார்.

"ஓம். ரெண்டும்தான்."

சாடியைச் சுத்தமாக்குவது பெரிய பாடாக இருந்தது. அசிட் நின்ற கண்ணாடி லேசில் விடாது. சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தோம், கொட்டினோம், திரும்ப ஊறவைத்தோம். கடைசியில் அவர் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். மாமி குசினி வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அடியில் ஆற்றுமணல் பரப்பி, குளத்திலிருந்து கொண்டுவந்த வேலம்பாசியையும், நாடாபோல நீளமாக வளரும் இன்னொரு பாசியையும் நட்டோம். கிழக்கு யன்னலடியில் ஒரு நீள மர வாங்கில் சாடியை வைத்தோம். மீன் விடுவதற்கு முன் பாசி வேர் பிடிக்கட்டும் என்று அவர் சொன்னார். பொங்கல்வரை அந்த வெறும் தண்ணீரையும் பாசியையும் வேலைக்குப் போகுமுன் ஒருதரம், வந்தபிறகு ஒருதரம் பார்ப்பார்.

தைப்பொங்கலுக்கு என் தாய்வீட்டுக்குப் போனோம். மாரி முடிந்த கையோடு களப்பில் உப்புக் குறைந்திருக்கும், அதனால் அப்போது பிடிக்கிற மீன் கிணற்றுத் தண்ணீருக்கு லேசில் பழகும் என்பது என் எண்ணம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அத்தாங்கு வலையோடு நான் தண்ணீரில் இறங்கினேன். அவர் வாளியோடு கரையில் நின்றார். நீந்தத் தெரியாதவர். அந்த முழங்கால் தண்ணீரையே நம்பவில்லை.

"அந்தப் பெரிசைப் பிடியும்."

"அது கிழடு. வால் கிழிஞ்சிருக்கு, பாருங்கோ. சண்டைக்காரன்."

"அப்ப இது? நல்ல நிறமாக் கிடக்கு."

"வயிறு ஒட்டிப்போச்சு. உள்ளுக்குப் பூச்சி இருக்கும். வேண்டாம்."

"உமக்கு ஒண்டும் பிடிக்காதுபோல."

"எனக்குப் பிடிச்சதைத்தான் நான் பிடிக்கிறன்."

சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் வாளிக்குள் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். அவருடைய மேற்பல் ஒன்று கொஞ்சம் சரிந்திருப்பதை அன்றுதான் கண்டேன்.

செல்லாக்காசில் ஆண் எது, பெண் எது என்று பார்த்துச் சொல்ல ஏலாது. முட்டை இடும்போதுதான் தெரியும். ஆகவே சோடி பார்த்துக் கொண்டுவர முடியாது. செட்டை கிழியாத, கண் தெளிந்த, ஓடித் திரிகிற இளம் மீன்களாக ஏழெட்டு எடுத்தோம். அவற்றில் இரண்டு தாங்களாகச் சேர வேண்டும். வரும் வழியில் லொறியின் குலுக்கலில் தண்ணீர் சிந்தாமல் வாளியை வாழையிலையால் மூடி, அதன்மேல் உள்ளங்கையை வைத்தபடியே அவர் வீடுவரை வந்தார்.

களப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். பாசி ஒருமுறை கருகி, பிறகு தளிர்த்தது. மீன்களுக்குக் கிணற்றடியில் ஒரு பழைய சட்டியில் நுளம்புப் புழு வளர்த்துப் போட்டேன். மாசி மாதம் இரண்டு மீன்கள் சாடியின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைக் கொத்தித் துரத்தத் தொடங்கின. துரத்தப்பட்டவை மேலே விளிம்போரம் ஒடுங்கி நின்றன.

"இந்த ரெண்டும்தான்," என்றேன்.

"ரெண்டும் என்ன?"

"சோடி."

மற்றவற்றைப் பிடித்து ஒரு மண்தொட்டிக்கு மாற்றி, பிறகு கிணற்றுக்குள் விட்டோம். துப்புரவாக வழித்தெடுத்த தேங்காய்ச் சிரட்டை ஒன்றைச் சாடிக்குள் கவிழ்த்துச் சரித்து வைத்தேன். சில நாட்களில் சிரட்டையின் உட்புறத்தில் கடுகுக்கு ஒரு காம்பு முளைத்தாற்போல முட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. இட்டது சற்றுச் சிறிய, வெளிறிய மீன். அப்போதுதான் அது பெண் என்று தெரிந்தது. இரண்டும் மாறி மாறிச் செட்டையால் முட்டைக்கு விசிறின. அவர் அன்று வேலைக்குப் பிந்திப் போனார்.

அடுத்த நாள் முட்டை ஒன்றும் இல்லை. தாயும் தகப்பனும் வயிறு உப்பி நின்றன. புது இடத்தில் பயந்தால் அப்படிச் செய்யும் என்று எனக்குத் தெரியும். மாமிக்குத் தெரியாது.

"பெத்ததைத் தின்னுற சாதி. இதை வீட்டுக்குள்ளை வைக்கக் கூடாது, பிள்ளை. கொண்டுபோய் விட்டிட்டு வரச் சொல்லு அவனை."

என்னைப் 'பிள்ளை' என்று மாமி கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

பங்குனியில் திரும்பவும் இட்டன. இம்முறை நாங்கள் யன்னலில் சாக்குத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, கிட்டப் போகாமல் இருந்தோம். முட்டை பொரித்தது. மணலில் வாயால் குழி பறித்து, குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கவ்விக் கொண்டுபோய்க் குழிக்குள் விட்டன. துடிக்கிற தூசுபோல இருந்தவை பிறகு ஒருநாள் எழும்பி, தாயைச் சுற்றி ஒரு புகைபோல நீந்தின. அவித்த முட்டையின் மஞ்சட்கருவைத் துணியில் பிழிந்து துளித்துளியாகக் கொடுத்தேன். ஆனால் குஞ்சுகள் அதைவிட வேறொன்றைத்தான் விரும்பின. தாயின் விலாவிலும் தகப்பனின் விலாவிலும் முட்டி முட்டி எதையோ மேய்ந்தன. பெரியவை அசையாமல் நின்று கொடுத்தன. அவற்றின் தோலில் ஊறுகிற ஏதோ பசைதான் அது.

மாமி சாடிப் பக்கமே வராமல் இருந்தவர். அன்று கோழிக்குத் தவிடு போட்டுவிட்டு வந்தவர் வாங்கருகில் நின்றுவிட்டார்.

"என்ன செய்யுதுகள்?"

"தாயின்ரை மேலிலை இருந்து சாப்பிடுதுகள், மாமி."

மாமி குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"பால் குடிக்குதுகள்," என்றார். நான் திருத்தவில்லை.

அந்த நாட்களில் சண்டை எங்கள் பக்கம் வந்துவிட்டிருந்தது. ஜப்பான்காரரிடம் சிங்கப்பூர் விழுந்த கதையைத் தெருவெல்லாம் கதைத்தார்கள். விளக்கு வெளியே தெரியக்கூடாதென்று யன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டினோம். வீட்டின் பின்கோடியில் பதுங்குகுழி வெட்டினோம். கொழும்பில் குண்டு விழுந்தது என்று செய்தி வந்து கொஞ்ச நாளில் எங்களுக்கும் வந்தது.

காலை நேரம். அவர் வேலைக்குப் போய்விட்டார். சைரன் ஊத, மாமியும் நானும் குழிக்குள் இறங்கினோம். சத்தத்தைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. நிலம் அடிவயிற்றில் உதைப்பதுபோல இருந்தது என்பது மட்டும் போதும். மாமி என் தலையைத் தன் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஓய்ந்து மேலே வந்தபோது துறைமுகப் பக்கமும் அதற்கு அப்பால் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கிற பக்கமும் கறுத்த புகை வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அவருடைய கொட்டில் அந்தப் பக்கத்தில்தான்.

மாமி அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்தேன்.

வீட்டுக்குள் ஓடுகள் சரிந்து கிடந்தன. வாங்கின் கீழே தண்ணீர். சாடியின் ஒரு பக்கம் மேலிருந்து கீழ்வரை வெடித்து, நூல்போலத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. பாதிக்கு மேல் வற்றிவிட்டது. மீதித் தண்ணீரில், சாய்ந்து கிடந்த பாசிக்கடியில் தாயும் தகப்பனும் நடுவில் குஞ்சுகளை வைத்துக்கொண்டு நின்றன.

"பானை," என்றார் மாமி.

வருடப்பிறப்புக்குப் பொங்க வாங்கிய புதுப்பானை குசினி மூலையில் வைக்கோலில் இருந்தது. அதை யாரும் தொடக்கூடாதென்று சொல்லி வைத்திருந்தவரே அதைத் தூக்கி வந்தார். நான் பாசியையும் கொஞ்சம் மணலையும் அள்ளிப் பானைக்குள் போட்டேன். சாடியில் இருந்த தண்ணீரையே ஊற்றினோம். பெரிய மீன்கள் இரண்டும் கைக்கு வந்துவிட்டன. குஞ்சுகள்தான் வரவில்லை. மாமி ஒரு சிரட்டையால் மெதுமெதுவாக அள்ளினார், நான் ஒரு கோப்பையால் அள்ளினேன். அள்ள அள்ள மணலோடு ஒட்டிக்கொண்டு சில நின்றன. மாமிக்குக் கண் மங்கல்.

"அதிலை ஒண்டு நிக்குதோ, பிள்ளை?"

"ஓம் மாமி, உங்கடை விரலுக்குக் கிட்ட."

"இஞ்சையோ?"

"ஓம், அதிலை."

அப்படியே மத்தியானமாகிவிட்டது. கடைசிக் குஞ்சுவரை அள்ளினோம் என்றுதான் நினைக்கிறேன். அடுப்பு மூட்டவில்லை. அள்ளி முடித்தபிறகு கைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. இருவரும் பானைக்கு இரண்டு பக்கத்திலும் நிலத்தில் இருந்தோம். தெருவில் ஆட்கள் ஓடுவதும் அழுவதும் கேட்டது. மாமி எழும்பிப் போய்க் கேட்கவில்லை. என்னையும் விடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பொழுதுபடும் நேரம் அவர் வந்தார். முகம் முழுக்கக் கரி. ஒரு காலில் செருப்பில்லை. காயப்பட்டவர்களைத் தூக்கித் தூக்கிச் சட்டையில் எல்லாருடைய இரத்தமும் இருந்தது, அவருடையது இல்லை. மாமி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொன்னார்:

"சனமெல்லாம் வெளிக்கிடுது. விடிய நீங்கள் ரெண்டு பேரும் இறக்கக்கண்டிக்குப் போங்கோ. வண்டிலுக்குச் சொல்லிப்போட்டன்."

"நீ?" என்று மாமி கேட்டார்.

"எனக்கு வேலை இருக்கு அம்மா. கனபேர் இனி வேலைக்கு வரமாட்டினம்."

பிறகு வாங்கைப் பார்த்தார். வெடித்த சாடியைப் பார்த்தார். என்னைக் கேட்டார், "குஞ்சுகள்?"

"இருக்கு. பானைக்குள்ளை."

அப்போதுதான் அவர் அழுதார். சத்தமில்லாமல், கரியில் இரண்டு கோடு விழ. மாமி முந்தானையால் அவர் முகத்தைத் துடைக்க, முந்தானையும் கறுத்துப்போனது.

இறக்கக்கண்டிக்குப் போகிற நிலாவெளி றோட்டு முழுக்கச் சனம். தையல் மெஷினைத் தலையில் வைத்திருந்தார்கள், ஆட்டை இழுத்துக்கொண்டு போனார்கள், ஒருவர் கதவொன்றையே தூக்கிக்கொண்டு நடந்தார். வண்டிலில் மாமி பானையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு இருந்தார். பக்கத்தில் நடந்து வந்த ஒரு மனிதர் கேட்டார், "என்ன அம்மா பானைக்குள்ளை? நகையோ?"

"பிள்ளையள்," என்றார் மாமி.

அந்த மனிதர் கொஞ்சம் விலகி நடந்தார். மாமிக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று நினைத்திருப்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். அப்படி ஒரு நாளில் சிரிப்பு வந்தது எனக்கே அதிசயமாக இருந்தது.

இறக்கக்கண்டியில் என் ஐயா மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் ஒரு சீமெந்துத் தொட்டியைக் கழுவித் தந்தார். தென்னோலைக் கிடுகால் பாதியை மூடி நிழல் செய்தோம். வந்து இரண்டாம் நாள் காலையில் தகப்பன் மீன் செத்து மிதந்தது. வண்டில் குலுக்கலோ, பானைச் சூடோ, தெரியாது. தாய் மட்டும் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு பாசிக்கடியில் நின்றது. இரண்டு பேர் பார்க்க வேண்டியதை ஒன்றே பார்த்தது. ஒரு பக்கத்தால் வழி தவறுகிற குஞ்சுகளைக் கூட்ட ஓடும், ஓடிய உடனே மற்றப் பக்கத்துக்குத் திரும்பி வரும். சாப்பாடு போட்டாலும் எடுக்காது.

என் தாய்வீட்டில் அவ்வளவு சனம், அவ்வளவு சத்தம். மாமி அதிலிருந்து தப்பி வந்து தொட்டியருகில்தான் இருப்பார். ஒரு நாள் நான் மஞ்சட்கருவோடு போனபோது, திரும்பிப் பார்க்காமலே பேசத் தொடங்கினார்.

"இவன் தவழேக்கை அவர் போயிட்டார். காய்ச்சல். மூண்டு நாள்தான். பிறகு நான் ஒருத்திதான் இவனோடை. ஒருத்தரும் என்னட்டை ஒரு நாளும் கேக்கேல்லை, நீ எப்பிடி வளத்தனி எண்டு."

நான் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் இருந்தேன்.

"எப்பிடி வளத்தனீங்கள் மாமி?"

சொன்னார். விடியமுன் எழும்பி இடியப்பம் அவித்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கப்பலடிக்குப் போய் விற்றது. பிள்ளை அழக்கூடாதென்று கையில் ஒரு இடியப்பத்தைக் கொடுத்துவிடுவதும், அவன் அதை ஒவ்வொரு நூலாக உருவித் தின்பதும். அவன் பேசப் பழகப் பிந்த, ஊமையாக்கும் என்று மாமி கோயில் கோயிலாகத் திரிந்தது. "பிறகுதான் தெரிஞ்சுது, பேச ஏலாமல் இல்லை. பேச ஒருத்தரும் இல்லை. நான் நாள்முழுக்க அடுப்போடை. அது ஆரோடை கதைக்கிறது?" இருட்டும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். என் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். என் கணவருக்குக் கதை குறைவு என்று அதற்குப் பிறகு நான் பயந்ததே இல்லை.

ஓய்வு கிடைக்கிற ஞாயிறுகளில் அவர் சைக்கிளில் வருவார். வந்ததும் தொட்டியடிக்குப் போவார். குஞ்சுகள் நகக்கண் அளவாகி, பிறகு ஒரு சதக் காசளவாகி, விலாவில் பொட்டு விழத் தொடங்கின. தாயை விட்டு விலகித் தங்கள்பாட்டில் திரிந்தன. சில இறந்தன, சிலவற்றைக் கொக்கு கொண்டுபோனது. மிஞ்சியவை நாற்பதுக்குக் குறையாது.

அடுத்த மாரி தொடங்குமுன் நாங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். ஓடு மாற்றியிருந்தார். வாங்கில் இன்னொரு சாடி, முந்தியதைவிடப் பெரிது. பாசிகூட நட்டு வைத்திருந்தார். எல்லாக் குஞ்சுகளையும் கொண்டுவர ஏலாது. எவற்றை எடுப்பது என்று தொட்டியடியில் மூன்று பேரும் சண்டை பிடித்தோம்.

"நல்ல மஞ்சளாப் பாத்து எடுப்பம்," என்றார் அவர்.

"மஞ்சள் தண்ணியாலை வரும், சாப்பாட்டாலை வரும். முதுகு நேராயிருக்கோ எண்டு பாருங்கோ. வாய் கோணல் எல்லாம் வேண்டாம்."

"இந்தச் சின்னனை விடாதேங்கோ," என்றார் மாமி. "இது ஒருத்தருக்கும் அடிக்காமல் தன்பாட்டிலை நிக்குது."

"அது பயந்தது, மாமி."

"பயந்தா என்ன? இருக்கட்டும்."

இருந்தது. அதோடு, ஒரே தாய் வயிற்றுக் குஞ்சுகள் தங்களுக்குள் சோடி சேர்ந்தால் நாளாக நாளாகக் கூனும் குறுகலுமாகும் என்று நான் சொல்ல, ஐயா களப்பில் பிடித்த மூன்று இளம் மீன்களையும் சேர்த்துக் கொண்டுவந்தோம். தாய் மீனும் எங்களோடு வந்தது. அதற்குத் தனியாகச் சின்னச் சாடி ஒன்று, மாமியின் கட்டிலருகே. மாமி அதைப் பார்த்துக்கொண்டுதான் வெற்றிலை போடுவார்.

அந்த வருடங்களில் துறைமுகம் முழுக்கக் கப்பல். தெருவெல்லாம் பட்டாளக்காரர். மலேரியாக் காய்ச்சல் பரவாமல் இருக்க வீடு வீடாக வந்து தேங்கிய தண்ணீரைப் பார்ப்பார்கள். ஒரு இளம் சுகாதாரப் பரிசோதகர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். சாடிகளைக் கண்டதும் முகம் சுளித்தார்.

"இதுகளை ஊத்த வேணும், அம்மா. நுளம்பு பெருகும்."

மாமி எழும்பிப் போனார். கிணற்றடிச் சட்டியிலிருந்து ஒரு கோப்பை புழுவை அள்ளிக்கொண்டு வந்து சாடிக்குள் ஊற்றினார். பரிசோதகர் பார்த்துக்கொண்டு நிற்க ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "அப்ப அந்தச் சட்டி எங்கை இருக்கு?" என்று கேட்டார். சட்டி கவிழ்ந்தது. சாடிகள் தப்பின. போகும்போது அவர் ஒரு சோடி கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டார். மாமி உள்ளே போய்விட்டார். கொடுத்தது நான்தான்.

பெரிய சாடியில் எங்கள் குஞ்சு ஒன்றும் ஐயாவின் மீன் ஒன்றும் சேர்ந்து இட்டன. பொரித்தன, வளர்த்தன. தெருவில் இரண்டு மூன்று வீடுகளுக்குக் குஞ்சுகள் போயின. ஆனால் நான் சொல்ல வந்தது தாய் மீனைப் பற்றி.

அது தனியே இருந்து மெலிந்துகொண்டு வந்தது. நிறம் வெளிறிவிட்டது. பெரிய சாடியில் விட்டுப் பார்ப்போம் என்று அவர் சொன்னார். மாமிக்கு விருப்பமில்லை.

"மற்றதுகள் அடிச்சுப் போடும். அது கிழவி. தன்பாட்டிலை இருக்கட்டும்."

"தனிய இருந்து சாகுது அம்மா."

மாமி வெற்றிலைத் தட்டைக் கிட்ட இழுத்தார். அவர் மாமியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, களப்பு மீன்களில் மிஞ்சியிருந்த ஒன்றைப் பிடித்து மாமியின் கட்டிலருகே இருந்த சின்னச் சாடிக்குள் விட்டார். முதல் நாள் தாய் மீன் அதை மூலைக்குத் துரத்தியது. மாமி திருப்தியாகத் தலையசைத்தார். அடுத்த நாளும் துரத்தியது. நாலைந்து நாள் கழித்து நான் கூட்டும்போது பார்த்தேன்: இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று செட்டையை விரித்து நடுங்கின. தாய் மீனின் உடம்பில் செம்மஞ்சள் திரும்ப ஏறியிருந்தது.

அவரைக் கூப்பிட்டேன். அவர் பார்த்தார். மாமி கட்டிலில் இருந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். மாமி முன்னால் சிரிப்பதா, எழும்பிப் போவதா என்று தெரியாமல் நான் தும்புத்தடியைப் பிடித்தபடி நின்றேன்.

மாமி பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தார்.

"இந்த வயசிலையோடி உனக்கு?" என்று மீனைக் கேட்டார். பிறகு எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்த்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கண்ணில் நீர் வந்தது, துடைத்துக்கொண்டும் சிரித்தார். மகனும் சிரிக்கத் தொடங்கினார். அந்த வீட்டில் அவ்வளவு சத்தம் நான் கேட்டதில்லை. அடுத்த வீட்டுப் பெண் வேலியால் எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டாள்.

"எங்கடை வீட்டிலை ஒரு கலியாணம்," என்றார் மாமி. வீட்டின் மங்கல வேலை எதற்கும் அதுவரை முன்னுக்கு வராதவர் அவர். தானே குசினிக்குப் போய், தேங்காய் துருவிய சிரட்டை ஒன்றை எடுத்து, வெளியில் இருந்து நார் போகச் சுரண்டி, கழுவி, வெயிலில் பிடித்துப் பார்த்து, திருப்தி வராமல் இன்னொருதரம் சுரண்டிக்கொண்டு வந்தார். சாடிக்குள் அதைச் சரித்து வைக்கும்போது சிரட்டை ஒரு பக்கம் வழுக்கியது. நான் பிடிக்கப் போனேன். வேண்டாமென்று முழங்கையால் தள்ளிவிட்டார்.